பழைய பாலத் தளத்தின் மேல் புதுக் கான்கிரீட் அடுக்கு எத்தனை வருடம் தாங்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பாலத் தளங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். ஊரில் சிவில் படித்துவிட்டு இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் சில கேள்விகள் உண்டு. அவற்றையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

மேலடுக்கு என்றால் என்ன?

வண்டிச் சக்கரம் உருளும் கான்கிரீட் பலகையைத் தளம் என்கிறோம்; வேலையிடத்தில் டெக் ஸ்லாப். அமெரிக்கப் பாலங்களில் இது சுமார் 20 செ.மீ. கனம் இருக்கும். பாலத்தில் முதலில் கெடுவது இதுதான். உத்திரமும் தூணும் நல்ல நிலையில் இருக்கும்போதே தளத்தின் மேல்பகுதி பொரிந்து போயிருக்கும். அப்போது தளம் முழுவதையும் இடிக்காமல், மேலே கெட்டதை மட்டும் எடுத்துவிட்டு, 3 முதல் 5 செ.மீ. கனத்துக்குப் புதுக் கான்கிரீட்டைப் பழையதோடு ஒட்டி வார்ப்பார்கள். தண்ணீரும் உப்பும் சுலபத்தில் இறங்காத கான்கிரீட்டாக அது இருக்க வேண்டும். அதுதான் மேலடுக்கு. ஓவர்லே என்றால் வேலையில் இருக்கிற எல்லாருக்கும் புரியும்.

தளம் மட்டும் ஏன் முதலில் கெடுகிறது?

உப்பு. குளிர்காலத்தில் சாலையில் உறையும் பனியைக் கரைக்க அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன் உப்பு தூவுகிறார்கள். 1950, 60-களில் இந்தப் பழக்கம் பெரிய அளவில் பரவியது. 1956-ல் வந்த சட்டத்தின்படி நாடு முழுக்க மாநிலங்களை இணைக்கும் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளையும் அவற்றின் பாலங்களையும் கட்டியதும் அதே காலத்தில்தான். அன்றைய தளங்களில் கம்பிக்கு மேலே இருந்த கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், பெரும்பாலும் 38 மி.மீ.தான், வேலை சரியில்லாத இடங்களில் அதுவும் இருக்காது. கம்பியும் பூச்சு இல்லாத வெறும் கம்பி. எபாக்சி என்ற பிசின் பூசிய கம்பி பாலத்துக்கு வந்ததே 1973-ல், பிலடெல்பியா பக்கத்தில். ஆக, பத்துப் பதினைந்து வருடத்திலேயே பல தளங்கள் பெயர ஆரம்பித்துவிட்டன.

நடப்பது இதுதான். கான்கிரீட்டுக்குள் காரத்தன்மை அதிகம். அதனால் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்புப் படலம் உருவாகி, துருப்பிடிக்காமல் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை உடைத்துவிடும். ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ எடை. அதில் முக்கால் கிலோ அளவுக்குக் குளோரைடு கம்பி மட்டத்தில் வந்து சேர்ந்தாலே துரு தொடங்கலாம். துருவானது தான் தின்ற இரும்பைப்போல் 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கும். அந்த இடம் உள்ளே இல்லை. அதனால் கம்பி மட்டத்தில் கான்கிரீட் பாளமாகப் பிரிந்துவிடுகிறது.

மேலே நின்று பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கனமான சங்கிலியை இழுத்துக்கொண்டு நடந்தால் காது சொல்லிவிடும். நல்ல இடத்தில் கணீரென்று ஓசை வரும். பிரிந்த இடத்தில் பொத்தென்று அடங்கிவிடும். சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவோமே, அதே கணக்குதான். இத்தனை கருவிகள் வந்த பிறகும் ஒரு தளத்தில் நான் முதலில் எடுப்பது சங்கிலியைத்தான்.

மேலடுக்கில் என்னென்ன வகை உண்டு?

முக்கியமாக மூன்று.

ஒன்று, ஈரம் குறைந்த கெட்டிக் கலவை. 1960-களில் அயோவா மாநிலத்தில் வளர்ந்ததால் அதை அயோவா முறை என்றே சொல்வார்கள். சிமெண்ட் நிறைய, தண்ணீர் மிகக் குறைவு. தண்ணீர்–சிமெண்ட் விகிதம் 0.32 பக்கம். ஸ்லம்ப், அதாவது குவித்து வைத்த கலவை சரியும் அளவு, ஒரு அங்குலத்துக்கு மேல் போகாது. மண்வெட்டியில் அள்ளினால் ஈரமண் போல அப்படியே நிற்கும். இறுக்குவதற்குத் தனி இயந்திரம் வேண்டும். 5 செ.மீ. கனம் போடுவார்கள்.

இரண்டு, லேட்டக்ஸ் கலந்த கான்கிரீட். 1950-களின் கடைசியில் மிச்சிகனில் தொடங்கியது. வர்ஜீனியாவில் 1969-லிருந்து போடுகிறார்கள். 32 மி.மீ. கனமே போதும்.

மூன்று, சிலிக்கா ஃப்யூம் கலந்தது. ஊரில் மைக்ரோ சிலிக்கா என்பார்கள். சிலிக்கான் உலைப் புகையிலிருந்து பிடிக்கும் தூள் இது. சிமெண்ட் துகளைவிடச் சுமார் நூறில் ஒரு பங்கு அளவு. சிமெண்ட் எடையில் 7 சதவீதம் அளவுக்குச் சேர்ப்பது வழக்கம். 1980-களின் நடுவில் ஒஹையோ பக்கம் பாலத் தளங்களுக்கு வந்தது.

இவை தவிர 6 முதல் 10 மி.மீ. எபாக்சி அடுக்கு, கலிபோர்னியாவில் அதிகம் போடும் பாலியெஸ்டர் கான்கிரீட் எல்லாம் உண்டு. அவை வேறு குடும்பம்; இங்கே தொடவில்லை.

லேட்டக்ஸ் என்றால் ரப்பர் மரத்துப் பாலா?

பார்த்தால் அப்படித்தான் இருக்கும். வெள்ளை வெளேரென்று, விரலில் பட்டுக் காய்ந்தால் பிசுக்குத் தோலாக உரியும். ஆனால் மரத்துப் பால் இல்லை. ஸ்டைரீன்-பியூட்டாடையீன் என்ற செயற்கை ரப்பரின் பால். பாதிக்குச் சற்று மேல் தண்ணீர், மீதி மிக நுண்ணிய ரப்பர் உருண்டைகள். சிமெண்ட் எடையில் 15 சதவீதம் அளவுக்கு அந்தத் திடப்பொருள் கலவைக்குள் போக வேண்டும்.

கான்கிரீட் இறுகும்போது சிமெண்ட் தண்ணீரைக் குடித்துவிடும். தண்ணீர் குறையக் குறைய, மிதந்துகொண்டிருந்த உருண்டைகள் நெருங்கி வந்து ஒன்றோடொன்று ஒட்டி, நுண்துளைகளின் சுவர்களில் மெல்லிய தோலாகப் படிகின்றன. உப்புத்தண்ணீர் இறங்கும் வழி அடைபடுகிறது. பழைய கான்கிரீட்டோடு பிடிப்பும் கூடுகிறது.

உப்பு எவ்வளவு சுலபத்தில் இறங்கும் என்று அறிய, கான்கிரீட்டுக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் ஒரு சோதனை இருக்கிறது. 6 மணி நேரத்தில் எவ்வளவு மின்னேற்றம் கடந்தது என்று கூலும் கணக்கில் சொல்வார்கள். சாதாரண தளக் கான்கிரீட்டில் 4,000-ஐத் தாண்டுவது சகஜம். 1,000-க்குக் கீழே இருந்தால் ‘மிகக் குறைவு’ என்ற வகை. லேட்டக்ஸ் கான்கிரீட்டில் எனக்குப் பிடித்த விஷயம், 28 நாளில் சுமாராக இருக்கும் எண் வருடம் போகப்போக இறங்கிக்கொண்டே வரும் என்பதுதான். உள்ளே அந்தத் தோல் காய்ந்து இறுகிக்கொண்டே இருக்கிறது.

சரி, எத்தனை வருடம் தாங்கும்?

நன்றாகப் போட்ட அடுக்கு 20 முதல் 30 வருடம். அதையும் தாண்டி ஓடியவை உண்டு. மோசமாகப் போட்டது முதல் குளிர்காலத்திலேயே ஓரத்தில் தூக்கிக்கொள்ளும்.

‘மூன்றில் எது சிறந்தது’ என்று எல்லாரும் கேட்கிறார்கள். எதைக் கலந்தோம் என்பதைவிட, எதன் மேல் ஒட்டினோம், முதல் நாள் எப்படிக் காத்தோம் என்ற இரண்டும்தான் ஆயுளை முடிவு செய்கின்றன. ஒரே கலவை, ஒரே லாரி, ஒரே ஆட்கள். ஒரு பாலத்தில் 25 வருடம் நின்றது, அடுத்த பாலத்தில் 5 வருடத்தில் பொத்து விழுந்தது. இப்படி நான் தோண்டிப் பார்த்த இடங்களில் கலவை கெட்டிருந்ததாக நினைவே இல்லை. அடியில்தான் கோளாறு.

அடிப்பரப்பில் அப்படி என்ன கோளாறு வரும்?

பழைய பரப்பை எடுக்க மில்லிங் இயந்திரம் ஓட்டுவார்கள். பற்கள் பதித்த உருளை சுழன்று கான்கிரீட்டைக் கொத்திப் பெயர்க்கும். வேகமானது, மலிவானது. ஆனால் ஒவ்வொரு பல்லும் அடிக்கும் அடியில், மீதி இருக்கிற கான்கிரீட்டின் மேல் தோல் நசுங்கி மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. பார்வைக்கு நல்ல சொரசொரப்பு, சுத்தமான சாம்பல் நிறம். அதன் மேல் எவ்வளவு நல்ல கான்கிரீட் போட்டாலும், ஒட்டியிருப்பது நசுங்கிய தோலோடுதான். பின்னால் இழுத்துப் பார்த்தால் புது அடுக்கு உடையாது, ஒட்டும் உடையாது. அந்தத் தோல் அப்படியே உரிந்து வரும்.

அதனால் மில்லிங் முடிந்த பிறகு ஷாட் பிளாஸ்டிங் செய்து, அதாவது சின்ன இரும்புக் குண்டுகளை வேகமாக வீசி அடித்து, நசுங்கியதை எடுக்க வேண்டும். அதைவிட மேல், உயர் அழுத்தத் தண்ணீரைப் பீய்ச்சி எடுப்பது. 1,000 முதல் 1,400 பார் அழுத்தம்; கார் டயர் காற்றைப்போல் ஐந்நூறு மடங்கு. தண்ணீருக்கு ஒரு நல்ல குணம் உண்டு: பலமான கான்கிரீட்டில் கொஞ்சமாகக் கொறிக்கும், கெட்ட இடம் வந்தால் தானாகவே ஆழமாகப் போய்விடும். கம்பியைச் சுற்றிலும் கழுவிவிடும், கம்பிக்குச் சேதம் இல்லை. முடிந்ததும் குனிந்து பார்த்தால் ஜல்லிகள் பாதி புதைந்து, பாதி தலை நீட்டி, மழை அரித்த சரளை மேடு மாதிரி இருக்கும். புது அடுக்கு கவ்விப் பிடிக்க அதைவிட நல்ல பரப்பு கிடையாது.

ஒரு எச்சரிக்கை: பீய்ச்சிய தண்ணீர் சிமெண்ட் கலந்து கடும் காரமாக இருக்கும். ஆற்றில் விட்டால் மீன் செத்துப்போகும். பிடித்து, வடிகட்டி, காரத்தை ஆற்றிய பிறகுதான் வெளியே விட வேண்டும். பரப்பையும் உடனே கழுவ வேண்டும். அந்தச் சகதி காய்ந்து படிந்துவிட்டால் மறுபடி வேலைதான்.

ஒட்டுவதற்கு சிமெண்ட் பால் ஊற்றலாமா?

ஊரில் கொத்தனார் பழைய கான்கிரீட்டின் மேல் சிமெண்ட் பால் தெளித்துவிட்டுத்தான் புதியதைக் கொட்டுவார். எண்ணம் சரிதான். ஆனால் பாலத் தளத்தில் வெயிலும் காற்றும் அதைச் சில நிமிடத்தில் காய வைத்துவிடும். காய்ந்த சிமெண்ட் பால் ஒட்டாது, பிரித்துவிடும்.

லேட்டக்ஸ் வேலையில் வழக்கம் வேறு. முந்தின நாளே தளத்தை நனைத்து, பிளாஸ்டிக் விரித்து ஊற வைப்போம். கொட்டும் நேரத்தில் தளம் உள்ளே தண்ணீர் குடித்து நிறைந்திருக்க வேண்டும். மேலே ஒரு சொட்டும் தேங்கி நிற்கக் கூடாது. குழியில் நிற்பதைக் காற்றடித்துத் துரத்துவோம். பிறகு முதலில் வரும் கலவையைக் கொஞ்சம் கொட்டி, முரட்டுத் துடைப்பத்தால் பரப்பு முழுக்கத் தேய்ப்போம். சாந்து பரப்பின் பொந்துகளில் ஏறிவிடும். துடைப்பத்துக்கு முன்னால் வெறும் ஜல்லி மிஞ்சும். அந்த ஜல்லியை அள்ளி வெளியே கொட்டிவிட வேண்டும். ‘வீணாகிறதே’ என்று புது ஆள் அதைக் கலவைக்குள்ளேயே தள்ளிவிடுவார். சாந்து இல்லாத அந்த ஜல்லிக் கூட்டம் அடியில் போய் உட்கார்ந்த இடம் பின்னால் பொத்தென்று ஒலிக்கும். துடைப்பம் பிடிப்பவர் கலவைக்கு ஓரிரு மீட்டர் முன்னால்தான் போக வேண்டும். அதிகம் முன்னே போனால் சாந்து காய்ந்து, சிமெண்ட் பால் கதைதான்.

க்யூரிங்கில் (கொட்டிய கான்கிரீட்டின் ஈரத்தைக் காத்து இறுக விடுவதில்) ஏன் இவ்வளவு பதற்றம்?

மெல்லிய அடுக்கு. கீழே பழைய கான்கிரீட், மேலே காற்று. 3 செ.மீ. கனத்தில் இருக்கிற தண்ணீர் எவ்வளவு? கொஞ்சம்தான். சாதாரண கான்கிரீட்டில் மேலே கசிந்து நிற்கும் தண்ணீர் சிறிது நேரம் பரப்பைக் காக்கும். லேட்டக்ஸிலும் சிலிக்கா ஃப்யூமிலும் அந்தக் கசிவு கிட்டத்தட்டக் கிடையாது. அதனால் சாதாரண கான்கிரீட்டுக்கு ஒரு சதுர மீட்டரில் மணிக்கு 1 கிலோ தண்ணீர் ஆவியாவதை எல்லையாக வைத்தால், இவற்றுக்குப் பாதி கிலோதான் எல்லை. வெப்பம், ஈரப்பதம், காற்று வேகம், கலவையின் சூடு நான்கையும் அளந்து, கணக்குப் பார்த்து, அதைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட வேண்டும்.

ஒரு செப்டம்பர் இரவு நாங்கள் நிறுத்தவில்லை. பத்து மணிக்குக் கணக்குப் பார்த்தபோது எல்லாம் எல்லைக்குள் இருந்தது. நள்ளிரவுக்கு மேல் ஆற்றுப் பக்கமிருந்து வறண்ட காற்று கிளம்பியது. ஈரச் சாக்கு ஏற்றிய வண்டி பாலத்தின் மறுமுனையில் மாட்டிக்கொண்டது. இருபது நிமிடத் தாமதம், அவ்வளவுதான். சாக்கு விரிக்கும்போதே பரப்பில் மெல்லிய ஆடை கட்டிவிட்டிருந்தது, பாலில் கட்டுமே அதேபோல். மறுநாள் காலை சாக்கைத் தூக்கிப் பார்த்தால், வற்றிய குளத்துச் சேறு மாதிரி 40 மீட்டர் நீளத்துக்கு விரிசல் வலை. அன்றிரவு காற்று வேகத்தை மறுபடி அளந்திருக்க வேண்டியது நான். அதற்குப் பிறகு அரைமணிக்கு ஒருமுறை அளக்காமல் எந்தக் கான்கிரீட்டையும் கொட்ட விட்டதில்லை.

லேட்டக்ஸில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சாதாரண கான்கிரீட்டை ஏழு நாள் தண்ணீரில் வைத்தால் அதற்கு நல்லது. லேட்டக்ஸை அப்படி வைக்கக் கூடாது. முதலில் ஒன்றிரண்டு நாள் ஈரச் சாக்கு, அப்புறம் இரண்டு நாள் காற்றில் காய விட வேண்டும். காய்ந்தால்தான் அந்த ரப்பர் தோல் உருவாகும். சிலிக்கா ஃப்யூமுக்கு நேர்மாறு: ஏழு நாள் முழு ஈரம். கலவை மாறினால் க்யூரிங்கும் மாறும். இதைக் குழப்பிக்கொண்டு கெட்ட வேலைகள் நிறைய.

மேலடுக்கில் விரிசல் வந்துவிட்டது. எல்லாம் போச்சா?

எல்லா விரிசலும் ஒன்றல்ல. புது அடுக்கு காய்ந்து சுருங்கப் பார்க்கும். பழைய தளம் சுருங்கி முடித்துப் பல வருடமாகிவிட்டது. அது அசையாது. அந்த இழுபறியில் சில விரிசல் வரத்தான் செய்யும். பிடிப்பு நன்றாக இருந்தால் அவை நின்ற இடத்திலேயே நிற்கும். மெதக்ரிலேட் போன்ற தண்ணீர்போல் ஓடும் பிசினை ஊற்றினால் உள்ளே இறங்கி அடைத்துவிடும்.

கவலைப்பட வேண்டியது ஓரங்களிலும், விரிவு இணைப்புகளின் பக்கத்திலும் வரும் விரிசல்களுக்கு. சுருக்கத்தின் இழுப்பு அங்கேதான் அடுக்கை மேலே தூக்கும். விரிசலின் இரு பக்கமும் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் அடைத்துவிட்டுப் போகலாம். பொத்தென்றால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்து மறுபடி போட வேண்டும். பிசின் ஊற்றிப் பயனில்லை.

பழைய தளத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் உப்பு என்ன ஆகும்?

நல்ல கேள்வி, பலர் கேட்காமல் விடுவது. மேலடுக்கு இனி வரும் உப்பைத்தான் தடுக்கும். உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும்.

பிரிந்த பாளங்களை மட்டும் எடுத்துவிட்டு ஒட்டுப்போட்டால் நடப்பதைப் பாருங்கள். ஒட்டுக்குள் கம்பியைச் சுற்றிப் புதுக் கான்கிரீட், உப்பு இல்லை. ஒட்டின் எல்லைக்கு அந்தப்பக்கம் அதே கம்பி உப்புள்ள பழைய கான்கிரீட்டில் இருக்கிறது. ஒரே கம்பியின் இரண்டு பகுதிகள் இரண்டு விதச் சூழலில். இது ஒரு சின்ன பேட்டரி. உப்புள்ள பக்கம் முன்னைவிட வேகமாகக் கரையும். இரண்டு மூன்று வருடத்தில் ஒட்டைச் சுற்றி வளையம் போலப் புதுசாகப் பெயரும். ஒட்டு போட்டவர்மேல் பழி விழும். ஒட்டு நன்றாகத்தான் இருக்கும்.

அதனால் மேலடுக்கு போடுமுன் மூன்றைப் பார்க்க வேண்டும். பிரிந்த பரப்பு எவ்வளவு. கம்பி மட்டத்தில் குளோரைடு எவ்வளவு. செப்பு–மயில்துத்த மின்முனை வைத்து அளக்கும் கம்பியின் மின்னழுத்தம் எவ்வளவு. இந்த மூன்றாவது அளவு மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டி இறங்கினால், அங்கே துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. அப்படிப்பட்ட இடங்களில் கான்கிரீட் பிரியாமல் இருந்தாலும் கம்பிக்குக் கீழ் வரை எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். தளத்தில் பெரும்பகுதியே அப்படி இருந்தால் மேலடுக்கை மறந்துவிட்டுத் தளத்தை மாற்றுங்கள். கெட்டதை மூடி வைக்க மேலடுக்கைப் பயன்படுத்துவது ஊர்ப்பணத்தை ஆற்றில் போடுவதற்குச் சமம்.

பக்கத்து வழித்தடத்தில் லாரி ஓடும்போது போட்டால் அதிர்வில் கெடாதா?

பொதுவாகக் கெடுவதில்லை. பாலம் முழுதும் ஒன்றாக அசைகிறது. கலவையும் அதோடு சேர்ந்து அசைகிறது. பாலத்துக்குள் ஏறும் இடத்தில் மேடுபள்ளம் இருந்து லாரி தடால் தடாலென்று குதித்தால்தான் தொல்லை. அதை முதலில் சமன் செய்துவிடுங்கள்.

ஒரே இரவில் போட்டுக் காலையில் போக்குவரத்தைத் திறக்க முடியுமா?

முடியும். 1990-களின் பிற்பகுதியிலிருந்து வர்ஜீனியாவில் வேகமாக இறுகும் சிமெண்ட்டோடு லேட்டக்ஸ் கலந்து போடுகிறார்கள். மூன்று மணி நேரத்தில் வண்டி ஓடும் அளவு வலிமை வந்துவிடும். ஆனால் கலவை கையில் நிற்கும் நேரம் மிகக் குறைவு. சின்னத் தடங்கல் வந்தாலும் பாறையாகிவிடும். பழகிய ஆட்கள் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

அல்ட்ரா கான்கிரீட் என்கிறார்களே, அதுதான் இனிமேலா?

மெல்லிய இரும்பு இழைகள் கலந்த, 120 மெகாபாஸ்கலுக்கு மேல் வலிமையுள்ள அதி உயர்தரக் கான்கிரீட்டைச் சொல்கிறீர்கள். பாலத் தளத்தில் அதை முதலில் துணிந்து போட்டவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள், 2004-ல். ஜெனீவா ஏரிக்கு மேலே மலைச்சரிவில் போகும் சிலியோன் பாலத்துக்கு 2014, 2015-ல் போட்டது பெரிய வேலை. அமெரிக்காவில் 2016-ல் அயோவாவின் ஒரு கிராமப்புறப் பாலத்தில் தொடங்கியது. 1951-ல் திறந்த டெலவேர் நினைவுப் பாலத்துக்கும் 2022-ல் தொடங்கிப் போட்டார்கள்.

பொருள் அருமையானது. உப்பு உள்ளே போகவே வழியில்லை; தளத்துக்கு வலுவும் கூடுகிறது. விலைதான் பல மடங்கு. மாற்றவே முடியாத, போக்குவரத்தை நிறுத்தவே முடியாத பெரிய பாலங்களுக்கு அது நியாயம். சாதாரணப் பாலங்களுக்கு, அடிப்பரப்பை ஒழுங்காகச் செய்து லேட்டக்ஸ் போட்டாலே போதும் என்பது என் முடிவு.

நம்ம ஊரில் பனியே இல்லையே, இதெல்லாம் எதற்கு?

பனி இல்லை, கடல் இருக்கிறது. 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் போன்றவற்றுக்கு உப்பு மேலிருந்து தூவ வேண்டியதில்லை, காற்றிலேயே வருகிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி மண்டபத்தில் அரிப்பு ஆய்வு நிலையம் வைத்திருப்பதும் அதனால்தான். ஆனால் கடற்காற்று உப்பு தூண், உத்திரத்தின் அடி என்று எல்லாப் பக்கமும் தாக்கும். தளத்தின் மேல் மட்டும் அடுக்கு போட்டுப் பாலத்தைக் காப்பாற்ற முடியாது.

வேறு இரண்டு விஷயம் நம்ம ஊருக்கு முக்கியம்.

ஒன்று வெயில். லேட்டக்ஸ் கான்கிரீட்டுக்குக் காற்றின் வெப்பம் 29, 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவான விதி. தமிழ்நாட்டில் பெரும்பாலான மாதங்களில் பகலில் அது நடக்காது. மார்கழி, தை இரவுகள்தான் சரியான நேரம். லேட்டக்ஸ் பீப்பாயை வெயிலில் போட்டு வைப்பதும் கூடாது.

இரண்டு, தார். நம் நெடுஞ்சாலைப் பாலங்களில் வழக்கமாக 25 மி.மீ. மாஸ்டிக் (தண்ணீர் புகாத கெட்டித் தார்), 40 மி.மீ. தார்க் கலவை என 65 மி.மீ. இருக்கும். சாலைக்குப் புதுத் தார் போடும்போது பாலத்தின் மேலும் பழையதைச் சுரண்டாமல் இன்னொரு 5 செ.மீ. போட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கணக்குப் போடுங்கள்: சதுர மீட்டருக்குச் சுமார் 115 கிலோ. 7.5 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளமுள்ள ஒரு கண்ணுக்கு (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிக்கு) 26 டன்! நிரப்பிய பெரிய லாரி ஒன்று அந்தக் கண்ணின் மேல் இரவும் பகலும் நிற்பதற்குச் சமம். தாருக்கு அடியில் தளம் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்கவும் முடியாது. 32 மி.மீ. லேட்டக்ஸ் அடுக்கு சுமார் 75 கிலோதான். அதுவும் பழையதைக் கொஞ்சம் எடுத்த பிறகு போடுவதால் கூடுதல் சுமை அதைவிடக் குறைவு.

போட்ட அடுக்கு ஒட்டியிருக்கிறதா என்று கடைசியில் எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் சங்கிலி. அப்புறம் இழுவைச் சோதனை. 50 மி.மீ. விட்டத்துக்கு வட்டமாக, அடுக்கைத் தாண்டிப் பழைய தளத்துக்குள் சற்று இறங்கும்வரை துளைக்க வேண்டும். அந்த வட்டத்தின் தலையில் ஒரு இரும்புத் தட்டை எபாக்சி வைத்து ஒட்டி, மெதுவாக மேலே இழுக்க வேண்டும். 1.4 மெகாபாஸ்கல் வந்தால் நல்லது. அந்தச் சின்ன வட்டத்துக்கு அது கிட்டத்தட்ட 280 கிலோ இழுப்பு. 2 மெகாபாஸ்கலைத் தாண்டினால் மிக நல்லது.

எல்லாரும் மீட்டரில் எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். நான் கையில் வந்த துண்டைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். பழைய கான்கிரீட்டின் ஜல்லி உடைந்து வந்திருந்தால் ஒட்டு அதைவிடப் பலமாக இருக்கிறது; எண் கொஞ்சம் குறைந்தாலும் கவலையில்லை. வழவழவென்று, புது அடுக்கின் அச்சு மட்டும் தெரிந்தால் ஒட்டவே இல்லை. மெல்லிய பொடி விரலில் ஒட்டினால், மில்லிங்குக்குப் பிறகு யாரோ பிளாஸ்டிங் செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.